மகனோடு மீன் பிடிக்கப் போன நாள்

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் போன மாதம் புதிதாக ஒரு நர்ஸ் சேர்ந்தாள். கோட்டயத்துப் பெண். எனக்குச் சொந்த ஊர் மூணாறு என்று கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பத்து நிமிட டீ இடைவேளைக்குள் நான் எப்போது நியூசிலாந்து வந்தேன், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், இந்த இன்வர்கார்கில் குளிரை எப்படித் தாங்குகிறேன் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் “மோன் எந்தா செய்யுன்னது சேச்சி?” என்றாள். மகன் என்ன செய்கிறான் என்று.

“எஞ்சினியரிங் முடிச்சிட்டு வேலையில இருக்கான்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவன் எஞ்சினியரிங் முடிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்து ஒரு வருடத்துக்கும் மேலாகிறது. அப்படியிருந்தும் வாய் பழைய பதிலைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. தெரியவந்த விதம்தான் கேவலம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி நினைக்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுத்தவள். நான் கோயம்புத்தூரில் நர்சிங் படித்தேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டேன். அங்கே ‘ஏனுங்க’ இல்லாமல் ஒரு பேச்சும் தொடங்காது. அப்புறம் இங்கே. வீட்டுக்காரர் பால் டேங்கர் ஓட்டுகிறார். ஒரே மகன் கதிர். நாங்கள் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது.

அவனுடைய தமிழும் அந்த ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. பசிக்குது, வலிக்குது, தூக்கம் வருது, வேண்டாம், இன்னும் கொஞ்சம். இதெல்லாம் சுத்தமாகச் சொல்வான். சலிப்பு, அவமானம், தோற்றுப்போவது, இதற்கெல்லாம் அவனுக்குத் தமிழில் வார்த்தை கிடையாது. என்னுடைய ஆங்கிலமோ மருந்து, படுக்கை, ரத்த அழுத்தம் என்று வார்டுக்குள் புழங்குகிற ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விஷயம் விழுந்து போயிற்று என்று எங்களுக்குத் தெரியவேயில்லை.

2

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அவனை ஆற்றுக்குக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது. புழு, இறால் எதையும் கோத்துப் போடுகிற மீன்பிடி இல்லை அது. சின்னக் கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றிச் சுற்றி ஒரு பூச்சியைப் போலக் கட்டுவான். அதற்கு ஈ என்று பேர். எடையே இல்லாத அந்த ஈயைக் கனமான ஒரு நூலின் வீச்சில் பறக்கவிட்டு, நிஜப் பூச்சி தண்ணீரில் இறங்கியது போல இறக்க வேண்டும். மீன் ஏமாந்தால் உண்டு. அவன் அறையைப் பெருக்கினால் வாரியலில் இறகாக வரும்.

பிறகு கிரைஸ்ட்சர்ச்சில் எஞ்சினியரிங் சேர்ந்தான். நாலாவது வருடம், நவம்பர் மாதம் ஒரு நாள் போன் செய்து, வழக்கத்துக்கு மாறாகத் தமிழிலேயே சொன்னான்.

“அம்மா, நான் முடிச்சிட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் மேலே ஏதோ சொல்ல வந்தான். நான் எங்கே விட்டேன்? அந்த நிமிஷமே மூணாறுக்குப் போன் போட்டு என் அண்ணன் முருகேசனிடம் சொன்னேன். அண்ணன் அங்கே ஜீப் ஓட்டுகிறார். அண்ணன் சொல்லி எஸ்டேட்டின் அந்த டிவிஷன் முழுக்கத் தெரிந்தது. பட்டமளிப்பு எப்போது என்று கதிரிடம் ஒரு தரம் கேட்டேன். “பாக்கலாம்மா” என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

தை மாதக் கடைசியில் ஊருக்குப் போகலாம் என்று முடிவானது. பன்னிரண்டு வயதுக்கு அப்புறம் அவன் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை. வரமாட்டேன் என்றுதான் சொன்னான். நான் சும்மா, எங்க ஊர் ஓடையிலும் ட்ரவுட் மீன் இருக்கு, வெள்ளைக்கார துரைமார் கொண்டுவந்து விட்டது என்றேன். தலையை நிமிர்த்தினான். எந்த வகை, ரெயின்போவா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வருகிறேன், ஆனால் நீயும் என்னோடு பிடிக்க வேண்டும் என்றான்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு என்ன மீன்பிடி என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு என்னோடு தனியாக ஒரு பகல் தேவைப்பட்டிருக்கிறது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

3

கொச்சி விமான நிலையத்தில் அவனுடைய தூண்டில் குழாயைப் பார்த்துவிட்டு ஒரு அதிகாரி “தோக்காணோ?” என்றார். துப்பாக்கியா என்று. குழாயைத் திறந்து, நாலு துண்டுக் கோலையும் மாட்டிக் காட்டி, டப்பியில் இருந்த ஈக்களையும் காட்ட வேண்டியிருந்தது. அவர் ஒரு ஈயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு உயிர் உள்ளதா என்று கேட்டார். கதிருக்கு அதில் பெருமை. அவன் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்தப் பயணத்தில் அதுதான் முதல் தடவை.

மூணாற்றில் அண்ணன் வீட்டில் இறங்கினோம். அண்ணி இறந்து நாலு வருடமாகிறது. அண்ணனும் மகள் கவிதாவும்தான். கவிதா பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எஞ்சினியரிங்தான் சேர வேண்டும் என்பது அண்ணன் தீர்மானம். அதற்குத் தூபம் போட்டது நான். ஒவ்வொரு போனிலும், கதிரைப் பார், கதிரைப் பார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு விலங்கியல் படிக்க ஆசை. அதை அவள் என்னிடம் சொல்லியும் இருந்தாள். நான் காதில் வாங்கவில்லை.

போய் இறங்கிய மறுநாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கதிரின் கையைக் குலுக்கினார்கள். எஞ்சினியர் தம்பி என்றார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூச்சம் என்று நினைத்தேன்.

ஓடையில் மீன் பிடிக்க அனுமதி வாங்க வேண்டும். அண்ணன் எங்களை ஒரு ஆபீசுக்கு அழைத்துப் போனார். அங்கே அபேக்ஷ என்று ஒரு விண்ணப்பம், இரண்டு பிரதி, போட்டோ, பாஸ்போர்ட் நகல். வெளிநாட்டவருக்குத் தனி வரிசை. கிளார்க் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஜனிச்சது மூணாறில். பின்னெ எங்ஙனெயா விதேசி?” என்றார். பிறந்தது இங்கே, அப்புறம் எப்படி வெளிநாட்டுக்காரி? அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டவர் என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன்.

கதிரின் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் எஞ்சினியர் என்று எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், “அது போடணுமா?” என்று கேட்டான்.

“வேற என்ன போட?” என்றேன்.

அவன் வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டான். கையெழுத்துப் போட அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. எழுதியிருந்ததைப் படித்தான். போட்டான்.

4

அந்த ஓடைக்கு நான் அதுவரை போனதே இல்லை. லயத்துப் பிள்ளைகள் போகக் கூடாது என்பது எங்கள் காலத்துச் சட்டம். துணி துவைக்கவும் குளிக்கவும் எங்களுக்குக் கீழ் வாய்க்கால். மேல் ஓடை துரைமார் மீனுக்கு. ஒரு தடவை, எனக்கு எட்டு வயது இருக்கும், அண்ணனும் நானும் விறகு பொறுக்கப் போனபோது தூரத்தில் தொப்பி போட்ட ஒருவர் தண்ணீருக்குள் நின்று சாட்டை போல எதையோ வீசிக்கொண்டிருந்தார். மாடே இல்லாமல் யாரை விரட்டுகிறார் என்று அண்ணன் கேட்டார். ஓடையைக் காவல் காக்கிற வாட்சர் எங்களைப் பார்த்துவிட்டு விசில் ஊத, விறகைப் போட்டுவிட்டு ஓடினோம். அந்த மீனின் ருசி எப்படியிருக்கும் என்று எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அனுமதி கிடைத்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் எங்களை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, டூரிஸ்ட் சவாரி இருக்கிறது, மூன்று மணிக்கு வருகிறேன் என்று போனார். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. எங்களோடு வாட்சர் ஒருவர் வர வேண்டும் என்பது விதி. பால்ராஜ் என்று பேர், என் வயதுதான். ஓடையை ஒட்டி ஒரு பாறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். உட்காருமுன் ஒன்று சொன்னார்.

“அக்கா, அந்த வளைவு வரைக்கும் போங்க. அதுக்கு அங்கிட்டு வேண்டாம். குட்டியோட ஒரு ஆனை ரெண்டு நாளா நிக்கி.”

நான் தலையாட்டினேன். கதிரும் தலையாட்டினான்.

ஓடை சின்னது. சில இடத்தில் ஒரு எட்டில் தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் புதர், மேலே சோலை மரக் கிளை. எனக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்டு, கோலை எப்படிப் பிடிப்பது என்று என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பின்னால் வீசு, நிறுத்து, நூல் நேராகும்வரை பொறு, அப்புறம் முன்னால். எனக்குப் பொறுக்கத்தான் வரவில்லை. முதல் வீச்சு பின்னால் புதரில் மாட்டியது. இரண்டாவது என் சால்வையில். மூன்றாவது மறுபடி புதரில். ஒவ்வொரு தடவையும் போய் எடுத்துவிட்டு வந்தான். முகம் சுளிக்கவில்லை.

இங்கே இடம் போதாது, வேறு மாதிரி செய்யலாம் என்று ஒன்று காட்டினான். ஈயை இரண்டு விரலால் பிடித்துப் பின்னால் இழுத்தால் கோல் வில்லாக வளைகிறது. விட்டால் ஈ நேரே பறந்துபோய் எதிர்ப் பாறையின் நிழலில் இறங்குகிறது. அது எனக்கு வந்துவிட்டது. சின்ன வயதில் உண்டிவில் இழுத்த கை அல்லவா என்றேன். அவன் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

மீன் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துத்தான் நிற்கும், அதனால் நாம் பின்னாலிருந்து போக வேண்டும், நிழல் விழக்கூடாது என்றெல்லாம் சொன்னான். ஒரு மடுவை நெருங்கியதும் எனக்கு முன்னால் போனவன் திரும்பாமலே உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். குனி என்று அர்த்தம். குனிந்தேன். அவன் அந்த ஒரு மணி நேரத்தில் என்னோடு பேசியது, அதற்கு முன் இரண்டு வருடத்தில் பேசியதைவிட அதிகம். பாதி ஆங்கிலம், பாதி அந்த ஐந்து வயதுத் தமிழ். எனக்கு எல்லாம் புரிந்தது.

ஒன்பது மணி வாக்கில் என் ஈயை ஏதோ இழுத்தது. நான் துணி உதறுகிற மாதிரி உதறினேன், போய்விட்டது. அடுத்த மடுவில் இன்னொன்று மாட்டியது. கையளவுதான் இருக்கும். பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. முதலில் கையை நனை, காய்ந்த கையால் தொட்டால் அதன் தோல் போய்விடும் என்றான். நனைத்துவிட்டுப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது, உள்ளே எதுவோ அடித்துக்கொண்டது. கொக்கியை அவன் எடுத்துவிட, தண்ணீருக்குள் வைத்து விரலைத் திறந்தேன். ஒரு நொடி நின்றுவிட்டுப் போனது.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கவிதாவுக்கு எஞ்சினியரிங் பற்றி நீ கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும், மாமா உன்னைத்தான் நம்பியிருக்கிறார், நீ சொன்னால் கேட்பாள் என்றேன்.

அவன் நூலைச் சுற்ற ஆரம்பித்தான். முழுக்கச் சுற்றிக் கோலைப் பாறையில் சாய்த்தான்.

“அம்மா, முடிச்சிட்டேன்னு சொன்னேன்ல. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட. நான் படிச்சு முடிக்கல. படிக்கிறத முடிச்சிட்டேன். நிறுத்திட்டேன். மூணாவது வருசமே.”

ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்களாம். இனி எனக்கு வேண்டாம், இதோடு சரி என்பதற்கு முடித்துவிட்டேன் என்பார்களாம். அவன் எனக்காக மெனக்கெட்டு அதைத் தமிழாக்கியிருக்கிறான். மறுநாளே திருத்திச் சொல்லப் பார்த்தானாம். அதற்குள் மாமா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டுவிட்டாராம். இப்போது ஒரு மீன் பண்ணையில், குஞ்சு வளர்க்கிற இடத்தில் வேலை செய்கிறான், அது அவனுக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு ஜூலையிலிருந்தே தெரியும். இவ்வளவையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

நான் அப்போது சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை.

“இத அங்கயே சொல்லியிருந்தா உன்ன நான் இங்க கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன்.”

அந்த வாக்கியத்தில் அவனுக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. கோலை எடுத்துக்கொண்டு ஓடையோடு மேலே நடந்தான். வளைவைத் தாண்டி மறைந்தான்.

5

நான் கூப்பிடவில்லை. ஆனை நிற்கிறது என்று சொல்லியும் போகிறானே, என்னைப் பயமுறுத்தத்தான் போகிறான் என்று எனக்குக் கோபம். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து கால் மரத்துப் போயிருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே கிளை முறிகிற சத்தம் கேட்டது. பால்ராஜ் கம்பளியை உதறிவிட்டு எழுந்தார்.

“தம்பி எங்கக்கா?”

நான் கையைக் காட்டினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கரையில் புதர் அடர்ந்து கிடந்ததால் தண்ணீருக்குள்ளேயே நடந்தோம். இரண்டு தடவை விழுந்தேன். முழங்காலில் அடி. பேர் சொல்லிக் கத்த வாயெடுத்தபோது பால்ராஜ் என் தோளை அழுத்திப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

வளைவைத் தாண்டியதும் பார்த்தேன். ஓடை நடுவில் ஒரு பாறைக்குப் பின்னால் கதிர் குந்தியிருந்தான். இடுப்புவரை தண்ணீர். அவனுக்கு மேலே நாற்பது தப்படி தூரத்தில் கரையோரப் புல்லில் யானை நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே குட்டி. யானை எங்கள் பக்கம் பார்க்கவில்லை. காது மட்டும் விரிந்து நின்றது.

கதிர் என்னைப் பார்த்தான். உள்ளங்கையைத் தாழ்த்தினான். காலையில் காட்டின அதே சைகைதான். நான் தண்ணீருக்குள் உட்கார்ந்தேன். கழுத்துவரை நனைந்தேன். பால்ராஜ் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். காற்று எங்கள் பக்கம்தான் வீசியது, அதனால் பிழைத்தோம் என்று அவர் பிறகு சொன்னார்.

முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். எத்தனையோ பேர் பக்கத்தில் கடைசி மூச்சுவரை உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என் மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இருந்தபோது எனக்கு ஒரே நினைப்புதான். அந்த வார்த்தை அவன் காதில் கடைசியாக விழுந்த என் வார்த்தையாக இருந்துவிடக் கூடாது.

குட்டி தண்ணீர் குடித்தது. அதற்கு அவசரமே இல்லை. குடித்துவிட்டு ஒரு கல்லைக் காலால் உருட்டி விளையாடியது. தாய் தும்பிக்கையால் அதைத் தள்ளிக்கொண்டு மெதுவாகச் சோலைக்குள் ஏறியது. அது மறைந்த பிறகும் பால்ராஜ் விரலை உயர்த்தியபடியே வெகுநேரம் எங்களை அசைய விடவில்லை.

அடிபட்ட முழங்காலோடு மெல்ல எழுந்தேன். கதிர் வந்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக் கரைக்கு இழுத்தான். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினான். அவன் பல்லும் அடித்துக்கொண்டிருந்தது. ஆனை நிக்குன்னு சொன்னாரே, ஏன் போன என்று கேட்டேன்.

“ஆனைன்னு புரிஞ்சுது. அங்கிட்டுன்னா என்னம்மா?” என்றான்.

ஆனை எங்கேயோ நிற்கிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான், வளைவுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அவனுக்குப் புரியவில்லை. நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினானே என்று விட்டுவிட்டேன்.

6

மூன்று மணிக்கு அண்ணன் ஜீப்போடு வருவதற்குள் நான் அவனிடம் ஒன்று கேட்டேன். இன்னும் நாலு நாளில் கிளம்புகிறோம், அதுவரை இங்கே யாரிடமும் சொல்லாதே, நான் அங்கே போய்ப் பக்குவமாக மாமாவிடம் சொல்கிறேன் என்று. செத்துப் பிழைத்து அரை மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் எனக்கு அந்தப் புத்தி வந்துவிட்டது. அவன் சரி என்றான்.

ஆனால் அன்று சாயங்காலம் அண்ணன் கவிதாவைக் கூப்பிட்டு அவன் எதிரில் உட்காரவைத்தார். “மாப்ள, இவளுக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா ஏறமாட்டேங்குது” என்றார். கவிதா நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியாது. அத்தான் என்று சொல்லவும் வெட்கம். “இங்க பாருங்க, முதல் வருசம் ரொம்பக் கஷ்டமா?” என்று கேட்டாள்.

கதிர் என்னை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் அவளிடம் சொன்னான்.

“எனக்குப் பிடிக்காம ஆயிடுச்சு. நான் பாதியில விட்டுட்டேன். எல்லாரும் எஞ்சினியர் சொல்றாங்க, அது பொய். நீ வேற கேக்கணும்னா கேளு. இது மட்டும் என்கிட்ட கேக்காத.”

கவிதா பேனாவை மூடினாள். எஸ்டேட்டில் வேலை பார்க்கிற யாரைப் பற்றியும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதையே அண்ணன் கேட்டார்.

“இப்ப செய்ற வேல பெர்மனெண்டா, டெம்ப்ரவரியா?”

“பெர்மனெண்ட்.”

“அப்பச் சரி” என்றார். எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். ஜீப்பின் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றேன்.

“பெத்தவளுக்குத் தெரியாதாக்கும். ஊரு பூரா எங்க வாயால சொல்ல வச்சிட்டியே செல்வி.”

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. இன்வர்கார்கிலில் இருந்த என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தேன். “உங்கிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன். நீ அத்தன சந்தோசமா இருக்கறப்ப எப்படிச் சொல்றது?” என்றார். பாக்கி நாலு நாளும் அண்ணன் எங்களைக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அழைத்துப் போனார். கதிரிடம் பிரியமாகத்தான் இருந்தார். என்னிடம் மட்டும் தேவைக்குப் பேசினார். வழியனுப்பும்போது கதிரைக் கட்டிப்பிடித்தவர், என்னிடம் பத்திரமாகப் போ என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

7

கவிதா பரீட்சை எழுதி, அப்பாவிடம் மல்லுக்கு நின்று, பாலக்காட்டில் ஒரு காலேஜில் விலங்கியல் சேர்ந்தாள். கதிர் பாதியில் விட்டதைச் சொல்லித்தான் வாதாடினாளாம். அண்ணனுக்கு அதிலும் என்மேல் வருத்தம். மாதம் ஒரு தடவை போன் செய்வார். மழை, உடம்பு, சவாரி, அவ்வளவுதான். கதிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நானும் எப்போது பேசினாலும் ஏதாவது ஒரு சாக்கில், சத்தியமாக எனக்குத் தெரியாதுண்ணே என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் உம் கொட்டிவிட்டு வைத்துவிடுவார்.

கோட்டயத்துப் பெண்ணிடம் அந்தப் பொய்யைச் சொன்ன அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் வந்தது. பேச்சுவாக்கில் நான் மறுபடி ஆரம்பித்தேன்.

“அப்பவே சொன்னேன்ல, எனக்குத் தெரி…”

அதற்கு மேல் வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கதிர் பேருக்கு எங்கள் வீட்டு முகவரிக்கு இரண்டு கடிதம் வந்ததும், அவற்றைப் பிரிக்காமல் அவன் அறை மேசையில் வைத்துவிட்டு வந்ததும் ஞாபகம் வந்தது. அவன் விடுமுறைக்கு வந்தபோது கைகளில் சின்னச் சின்ன வெட்டுக் காயம் இருந்தது. உடம்பில் மீன் தீனியின் நாற்றம். புத்தகப் பை இல்லை. நர்ஸுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா? ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதபடி நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

“தெரியும்ணே. தெரிஞ்சிடக் கூடாதுன்னு கேக்காம இருந்தேன்” என்றேன்.

அந்தப் பக்கம் அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மாப்ள நம்பரக் குடு” என்றார்.

நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். எழுதிக்கொண்டு ஒரு தரம் திருப்பி வாசித்தார். ஒரு எண் தப்பு. திருத்தினேன். அங்கே இப்போது மணி என்ன, இப்போ கூப்பிட்டால் அவன் எடுப்பானா என்று கேட்டார்.

எடுப்பான் என்றேன். எடுக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.